வெளிநாட்டு ஓட்டலில் பில் வந்ததும்: டிப்ஸ் எவ்வளவு, சர்வீஸ் சார்ஜ் யாருக்கு?

வெளிநாட்டு ஓட்டல் பில்லில் மூன்று வகைப் பணம் இருக்கும். ஒன்று அரசுக்குப் போகும் வரி. இன்னொன்று கடை தானாகச் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜ். மூன்றாவது, பரிமாறியவருக்கு நீங்களாகக் கொடுக்கும் டிப்ஸ். நாட்டுக்கு நாடு மாறுவது இதுதான்: எது கட்டாயம், எது உங்கள் விருப்பம், எது யார் கைக்குப் போகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் ஒரே சேவைக்கு இரண்டு தடவை காசு கொடுக்க மாட்டீர்கள். கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில் கொடுக்காமல் வந்து ஒரு தொழிலாளியின் கூலியைக் குறைக்கவும் மாட்டீர்கள். இரண்டாவது விஷயம் முதலாவதைவிட முக்கியம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நம் ஊர் விதியை மனதில் வைத்துக்கொண்டு போவதுண்டு. ஓட்டல்கள் தாமாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இங்கே அது சரி. சிங்கப்பூரில் போய் அதே வாதத்தை வைத்தால் எடுபடாது. அங்கே மெனுவில் அச்சிட்ட சர்வீஸ் சார்ஜ் விலையின் ஒரு பகுதி. லண்டனில் நிலைமை வேறு. அங்கே சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

ஆகவே முதல் வேலை, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மெனுவின் கடைசிப் பக்கத்தையும் ஒவ்வொரு பக்கத்தின் அடிவரியையும் படிப்பது. பொடி எழுத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். பில் வந்தபிறகு எழும் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த வரியைப் படிக்காததால் வருபவை.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து: இரண்டு கூட்டல் குறி

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று போட்டிருந்தால், அந்த விலைக்கு மேல் சர்வீஸ் சார்ஜும் வரியும் தனித்தனியாக ஏறும் என்று பொருள். சிங்கப்பூரில் சர்வீஸ் சார்ஜ் வழக்கமாக 10 சதவீதம். ஜிஎஸ்டி 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். பலரும் பத்தையும் ஒன்பதையும் கூட்டி 19 சதவீதம் என்று மனக்கணக்குப் போடுவார்கள், பில் கொஞ்சம் கூடுதலாக வரும். காரணம், ஜிஎஸ்டி உணவு விலைக்கு மட்டும் இல்லை, சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்தே போடப்படுகிறது. 60 டாலருக்குச் சாப்பிட்டால் முதலில் 6 டாலர் சேர்ந்து 66 ஆகும். அந்த 66-க்கு 9 சதவீதம் 5.94. மொத்தம் 71.94 டாலர். மெனு விலையைவிட 19.9 சதவீதம் அதிகம். சுருக்கமாக, ++ கண்டால் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் டிப்ஸ் வேண்டாம். யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. மேசையில் தானாக வந்து உட்காரும் வேர்க்கடலைத் தட்டும் ஈரத் துண்டும் பல உணவகங்களில் காசுக்குரியவை. வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள், பில்லில் ஏறாது. தேக்கா போன்ற உணவங்காடிகளில் சர்வீஸ் சார்ஜும் கிடையாது, டிப்ஸும் கிடையாது. ஆனால் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். இது 2021 முதல் சட்டப்படி நடைமுறையில் இருக்கிறது, மீறினால் எச்சரிக்கையும் அபராதமும் வரலாம்.

மலேசியாவில் ஒரு குழப்பம் உண்டு. பில்லில் சேவை வரி என்று 6 சதவீதம் இருக்கும். அது அரசு வாங்குவது. சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் இருந்தால் அது கடை வாங்குவது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று நினைத்துவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கான வரி 8 சதவீதமாக உயர்ந்தபோதும் உணவுக்கு 6 சதவீதமே நீடித்தது. மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக் கடைகளில் டிப்ஸ் பேச்சே இல்லை.

தாய்லாந்தில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் 7 சதவீத வாட் வரியும். 1,000 பாட் என்றால் 1,100 ஆகி, கடைசியில் 1,177-ல் நிற்கும். சர்வீஸ் சார்ஜ் போடாத சின்ன உணவகத்தில் மீதிச் சில்லறையையோ ஒரு 20 பாட் தாளையோ வைத்துவிட்டு வரலாம். சாலையோரக் கடையில் அதுவும் தேவையில்லை.

ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது. 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் உண்டு. டிம்சம் கடைகளில் தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணமும் சேரும். தேநீர் குடிக்காவிட்டாலும் அது வரும்.

அமெரிக்கா

டிப்ஸ் விஷயத்தில் தமிழர்கள் அதிகம் தடுமாறும் நாடு இதுதான். இங்கே கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து மாறவில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மட்டும் முதலாளி ரொக்கமாக 2.13 டாலர் கொடுத்தால் போதும். இது 1991-லிருந்து அப்படியே இருக்கிறது. மீதி டிப்ஸில் வந்துவிடும் என்பது கணக்கு. வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் நிர்ணயித்திருக்கின்றன. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் இந்தக் குறைந்த கூலி முறையே கிடையாது, எல்லாருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலிதான். அதனால் அங்கே டிப்ஸ் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கம் அங்கும் அதேதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சர்வர் வாங்கும் டிப்ஸ் முழுக்க அவருடையது இல்லை. மேசை துடைப்பவர், பானம் ஊற்றுபவர் என்று மற்றவர்களுக்கும் அவர் பங்கு கொடுப்பார். பல கடைகளில் அந்தப் பங்கை அவர் அன்றைக்குச் செய்த விற்பனையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நீங்கள் ஒன்றும் வைக்காமல் எழுந்து வந்தால், உங்கள் மேசை விற்பனைக்கான பங்கை அவர் மற்ற மேசைகளில் கிடைத்ததிலிருந்து கொடுக்க நேரிடும். டிப்ஸில் முதலாளியோ மேலாளரோ பங்கு எடுக்கக் கூடாது என்று 2018-ல் சட்டம் வந்துவிட்டது. ஆகவே இது கடைக்குப் போகிற காசு என்று தயங்க வேண்டாம்.

உட்கார்ந்து சாப்பிட்டு, ஒருவர் வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம். பெரிய நகரங்களில் 18 முதல் 20 என்பதே இன்றைய நிலவரம். இதை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும். நியூயார்க் நகரில் ஒரு குடும்பம் 80 டாலருக்குச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரி 8.875 சதவீதம், அதாவது 7.10 டாலர். மொத்தம் 87.10. டிப்ஸை 80-க்குக் கணக்கிட்டால் 18 சதவீதம் 14.40, 20 சதவீதம் 16. நியூயார்க்கில் ஒரு சுருக்கு வழி இருக்கிறது: வரியை இரண்டால் பெருக்குங்கள். 14.20 வரும். ஏறக்குறைய 18 சதவீதம். வரி குறைவான ஊர்களில் இந்தச் சுருக்கு வழி பலிக்காது.

பில்லின் அடியில் 18, 20, 22 சதவீதத்துக்கு எவ்வளவு என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அது வரியையும் சேர்த்த தொகைக்குப் போட்ட கணக்காக இருக்கலாம். மேலே சொன்ன பில்லில் 20 சதவீதத்துக்கு நேரே 17.42 என்று இருந்தால் வரிக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அதைக் கொடுப்பது தப்பில்லை, கட்டாயமும் இல்லை.

கூப்பனோ தள்ளுபடியோ இருந்தால், தள்ளுபடிக்கு முந்தைய விலையில்தான் டிப்ஸ் கணக்கிட வேண்டும். பரிமாறிய வேலை குறையவில்லை அல்லவா.

இனி கார்டில் பணம் கொடுக்கும் முறை. தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

1. பில் ஒரு தோல் மடிப்பில் வரும். பார்த்துவிட்டு உங்கள் கார்டை அதற்குள் வையுங்கள். சர்வர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். கார்டு கண்ணைவிட்டு மறைகிறதே என்று பதற வேண்டாம். அங்கே அதுதான் வழக்கம். மேசைக்கே கார்டுக் கருவியைக் கொண்டுவரும் கடைகளும் பெருகிவருகின்றன.

2. கார்டோடு இரண்டு சீட்டு திரும்பி வரும். ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. இரண்டிலும் ஒரே தொகை இருக்கும். அது டிப்ஸ் சேராத தொகை.

3. கடைக்கான சீட்டில் டிப் என்ற கோட்டில் தொகையை எழுதுங்கள். கீழே டோட்டல் என்ற கோட்டில் இரண்டையும் கூட்டி எழுதுங்கள். மேலே சொன்ன பில்லுக்கு 16.00 என்றும் 103.10 என்றும் எழுத வேண்டும். கூட்டல் சரியாக இருக்கட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் எந்த எண்ணைப் பதிவதென்ற குழப்பம் வரும்.

4. டிப்ஸை ரொக்கமாகக் கொடுப்பதானால் டிப் கோட்டில் கேஷ் என்று எழுதுங்கள், டோட்டலில் பழைய தொகையையே எழுதுங்கள். கோட்டை வெறுமையாக விடாதீர்கள்.

5. கையெழுத்துப் போட்டுக் கடைச் சீட்டை மேசையில் விட்டுவிட்டு, உங்கள் சீட்டோடு கிளம்புங்கள். அவசரத்தில் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்தால் நீங்கள் எழுதிய டிப்ஸ் கடைக்குத் தெரியாது. சர்வருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஆறு பேர் அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் பல கடைகள் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாமே சேர்த்துவிடும். பில்லில் கிராஜுவிட்டி (அங்கே டிப்ஸ் என்று பொருள்) என்றோ சர்வீஸ் சார்ஜ் என்றோ எழுதியிருக்கும். மயாமி பீச்சில் இரண்டு பேர் போனாலும் சேர்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அப்படிச் சேர்த்த பிறகும் கார்டுச் சீட்டில் டிப் கோடு காலியாகவே வரும். சில கடைகளில் கூடுதல் டிப் என்று போட்டிருப்பார்கள். கவனிக்காமல் இன்னொரு 20 சதவீதத்தை எழுதினால், 240 டாலர் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே சேர்ந்த 43.20-க்கு மேல் இன்னும் 48 டாலர் போய்விடும். சந்தேகமாக இருந்தால் “இஸ் தி டிப் இன்க்ளூடட்?” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், தினமும் பலர் கேட்கிற கேள்விதான். சேர்ந்திருந்தால் டிப் கோட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டு, மொத்தத்தை அப்படியே எழுதுங்கள்.

பில்லில் மூன்று, ஐந்து சதவீதத்தில் வேறு பெயர்களிலும் கட்டணம் வரலாம். சமையலறை ஊழியருக்கு, ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று போட்டிருப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் இது சாதாரணம். அது டிப்ஸ் இல்லை. டிப்ஸ் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று இருந்தால் அதுவே டிப்ஸுக்குப் பதில்.

கவுன்டரில் நின்று வாங்கும் கடையில் திரையைத் திருப்பி உங்களிடம் காட்டுவார்கள். 18, 20, 25 என்று பெரிய பெரிய பொத்தான்கள். பின்னால் வரிசை நிற்கும். பதற்றத்தில் எதையாவது அழுத்திவிடுவதுதான் நடக்கிறது. காபி, பார்சல், நீங்களே தட்டை எடுத்துவரும் கடை, இவற்றுக்கு டிப்ஸ் கட்டாயமில்லை. நோ டிப் என்ற பொத்தான் ஓரத்தில் சின்னதாக இருக்கும். தயங்காமல் அதை அழுத்தலாம். மனதிருந்தால் ஒரு டாலர். பாரில் ஒரு பானத்துக்கு ஒரு டாலர் என்பது பழைய வழக்கம், கலந்து தயாரிக்கும் விலையுயர்ந்த பானமென்றால் இரண்டு.

நியூஜெர்சியின் எடிசனிலோ கலிபோர்னியாவின் சன்னிவேலிலோ நம் ஊர் ஓட்டலுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இட்லி, சாம்பார் என்று தமிழில் ஆர்டர் கொடுத்தாலும் அந்த மேசைக்கு அமெரிக்க வழக்கம்தான். பரிமாறுகிற அண்ணனோ அக்காவோ அதே டிப்ஸை நம்பித்தான் நிற்கிறார்கள். ஊர்க்காரர்தானே என்று ஒரு டாலரை வைத்துவிட்டு வருவது நியாயமில்லை. மதிய பஃபேயில் நீங்களே எடுத்துச் சாப்பிட்டாலும், தண்ணீர் ஊற்றித் தட்டு எடுப்பவருக்காக 10 சதவீதம் வையுங்கள்.

சேவை மோசமென்றால்? முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். சமையலறையில் தாமதமானதற்குச் சர்வரைத் தண்டிக்கக் கூடாது. சர்வரே அலட்சியமாக நடந்துகொண்டிருந்தால் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றும் வைக்காமல் வந்தால், நீங்கள் மறந்துவிட்டீர்கள் அல்லது வெளிநாட்டுக்காரர், தெரியவில்லை என்றுதான் நினைப்பார்களே ஒழிய உங்கள் புகார் போய்ச் சேராது.

நண்பர்களோடு போனால் தனித்தனிப் பில் வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கனடா

வழக்கம் அமெரிக்காவைப் போலத்தான், 15 முதல் 20 சதவீதம். கருவியை மேசைக்கே கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். ஒன்ராறியோவில் கவனிக்க வேண்டியது, கருவி காட்டும் சதவீதம் பெரும்பாலும் 13 சதவீத வரியையும் சேர்த்த தொகைக்குத்தான். 100 டாலர் சாப்பாடு வரியோடு 113. அதில் 18 சதவீதம் 20.34. வரிக்கு முந்தைய விலையில் 18 டாலர்தான். கருவியில் தொகையாக உள்ளிடும் வசதி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து நீங்களே எழுதலாம். கியூபெக் மாகாணத்தில் 2025 மே மாதத்திலிருந்து வரிக்கு முந்தைய தொகையில்தான் டிப்ஸைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நல்ல சட்டம்.

ஒன்ராறியோவில் மதுபானம் பரிமாறுவோருக்கு இருந்த தனிக் குறைந்த கூலி 2022 ஜனவரியோடு ஒழிந்தது. அதன் பிறகும் டிப்ஸ் வழக்கம் குறையவில்லை. டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியிலுள்ள கொத்துரொட்டிக் கடைகளில் பார்சல் வாங்கும்போது டிப்ஸ் திரை வந்தால் தாண்டிப் போகலாம். உட்கார்ந்து சாப்பிட்டால் வழக்கமான அளவு.

பிரிட்டன்

மெனு விலையில் 20 சதவீத வாட் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும். லண்டனில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேரும். சில இடங்களில் 15-ம் பார்க்கலாம். பில்லில் இது விருப்பத்துக்குரியது என்ற சொல் கூடவே இருக்கும். அந்தச் சொல் வெறும் மரியாதைக்காக இல்லை. எடுத்துவிடச் சொன்னால் எடுத்துத்தான் ஆகவேண்டும். 60 பவுண்டு சாப்பாட்டில் 7.50 சேர்ந்து 67.50 ஆகியிருக்கும். சேவை சரியில்லை என்றால் பணம் கட்டும் முன் “குட் யூ டேக் தி சர்வீஸ் சார்ஜ் ஆஃப், ப்ளீஸ்” என்று சொன்னால் போதும், காரணம் விளக்க வேண்டியதில்லை. குறைத்துக் கொடுக்கவும் கேட்கலாம்.

முன்பு இந்தக் காசில் ஒரு பகுதியை நிர்வாகச் செலவு என்று முதலாளிகள் பிடித்துக்கொண்டதுண்டு. 2023-ல் நிறைவேறி, 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும். வழக்கமான வருமான வரிப் பிடித்தம் தவிர முதலாளி எதையும் கழிக்கக் கூடாது. சேவை நன்றாக இருந்தால் அந்த 12.5 சதவீதத்தை மனநிறைவோடு கொடுக்க இது போதுமான காரணம்.

சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த பில்லைக் கட்டும்போதே கருவி மறுபடியும் டிப்ஸ் கேட்கும். அங்கே வேண்டாம் என்று அழுத்துங்கள். சர்வீஸ் சார்ஜ் சேர்க்காத கடையில் 10 சதவீதம் கொடுத்தால் நிறைவு. பப்பில் நீங்களே போய் பானம் வாங்கிக்கொண்டால் டிப்ஸ் இல்லை.

பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி

பிரான்ஸில் மெனு விலையிலேயே சேவைக்கான 15 சதவீதம் அடங்கியிருக்கிறது. காட்டும் விலை எல்லாம் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது 1987 முதல் விதி. பில்லில் செர்வீஸ் கொம்ப்ரி என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்கு மேல் எதுவும் கடமை இல்லை. 40 யூரோ சாப்பாடு மனதுக்குப் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை மேசையில் விட்டு வரலாம். பாரிஸில் சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்களில் கருவி டிப்ஸ் சதவீதம் கேட்டால் தாண்டிவிடுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாமென்றால் கராஃப் தோ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தருவார்கள்.

இத்தாலியில் கொபெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிலிருந்து மூன்று யூரோ வரும். சுற்றுலாச் சதுக்கங்களில் அதற்கும் மேல். உட்கார்ந்ததற்கும் மேசை விரிப்புக்கும் ரொட்டிக்கும் ஆன கட்டணம் அது. மெனுவில் எழுதியிருந்தால் கொடுத்தே ஆகவேண்டும். அது டிப்ஸ் இல்லை, சர்வருக்குப் போவதும் இல்லை. செர்வித்ஸியோ என்று தனியாக ஒரு சதவீதம் இருந்தால்தான் அது சர்வீஸ் சார்ஜ். ரோம் இருக்கும் லாத்சியோ மாநிலத்தில் 2006-ல் வந்த சட்டம் கொபெர்த்தோவைத் தடைசெய்தது. அதனால் அங்கே ரொட்டிக்கு என்று தனிக் கட்டணம் பில்லில் வரும். ரொட்டி வேண்டாமென்றால் கூடை மேசைக்கு வரும்போதே திருப்பி அனுப்புங்கள். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. வெனிஸ் சான் மார்க்கோ சதுக்கத்தில் இசைக்குழு வாசிக்கும் கடைகளில் உட்கார்ந்தால் இசைக்கென்று தலைக்குக் கட்டணம் சேரும்.

ஜெர்மனியில் அளவு சிறியது, முறைதான் முக்கியம். 5 முதல் 10 சதவீதம், முழு எண்ணுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மேசையில் காசை வைத்துவிட்டுப் போவது வழக்கமில்லை. சர்வர் ஒரு பெரிய பணப்பையோடு மேசைக்கு வந்து தொகையைச் சொல்வார். சேர்த்தா, தனித்தனியா என்றும் கேட்பார். 27.40 யூரோ என்றால், நோட்டை நீட்டும்போதே நீங்கள் தர விரும்பும் மொத்தத் தொகையைச் சொல்ல வேண்டும். “முப்பது” என்று சொல்லி 50 யூரோ நோட்டைக் கொடுத்தால் 20 திரும்பி வரும். சரியாக 30 கொடுத்தால் “ஷ்டிம்ட் ஸோ” என்று சொல்லுங்கள், மீதி வேண்டாம் என்று புரிந்துகொள்வார். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோட்டைக் கொடுத்துக்கொண்டே “டாங்கே” என்று நன்றி சொன்னால், மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றே எடுத்துக்கொள்ளப்படலாம். 50 யூரோ நோட்டை நீட்டி மரியாதைக்கு நன்றி சொல்லிவிட்டு மீதிக்குக் காத்திருந்தால் சங்கடம்தான். நன்றியை மீதி கைக்கு வந்தபிறகு சொல்லுங்கள். கார்டு என்றால் கருவியில் தொகை அழுத்துவதற்கு முன்பே மொத்தத்தைச் சொல்லிவிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

சுவிட்சர்லாந்தில் சேவை விலையிலேயே அடங்கியது. ஒன்றிரண்டு பிராங்க் முழுமைப்படுத்தினால் போதும்.

ஜப்பான்

டிப்ஸ் வைக்காதீர்கள். மேசையில் விட்டுவந்த பணத்தை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து வாசல்வரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். பில்லை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவில் கட்ட வேண்டும். அங்கே சின்னத் தட்டு இருக்கும், பணத்தைக் கையில் கொடுக்காமல் அதில் வையுங்கள். கிளம்பும்போது “கொச்சிசோசமா” என்று சொல்வதுதான் அங்கே பாராட்டு.

இசகாயா எனப்படும் மதுக்கூடங்களில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரும். ஒதோஷி என்பார்கள். தலைக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறும். அது இருக்கைக் கட்டணம் போல. மீனோ இறைச்சியோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் சைவம் சாப்பிடுகிறவர்கள் உள்ளே போகும்போதே சொல்லிவிட வேண்டும். உயர்தர உணவகங்களிலும் பெரிய ஹோட்டல்களிலும் 10 முதல் 15 சதவீத சர்வீஸ் சார்ஜ் பில்லிலேயே இருக்கும். நுகர்வு வரி உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், பார்சலுக்கு 8. ஆகவே சில கடைகளில் இங்கேயா பார்சலா என்று முதலிலேயே கேட்பார்கள்.

தென்கொரியாவிலும் சீனாவிலும் சாதாரண உணவகங்களில் டிப்ஸ் கிடையாது.

துபாய், இலங்கை, ஆஸ்திரேலியா

துபாயில் ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், 7 சதவீத நகராட்சிக் கட்டணம், 5 சதவீத வாட் என்று மூன்றும் வரும். பெரும்பாலும் விலையிலேயே அடங்கியிருக்கும், மெனுவின் அடிவரியில் எழுதியிருப்பார்கள். சர்வீஸ் சார்ஜ் இருந்தாலும் அது பரிமாறியவருக்கு முழுதாகப் போகும் என்ற உறுதி இல்லை. அதனால் பரிமாறியவர் கையிலேயே ஐந்தோ பத்தோ திர்ஹாம் ரொக்கமாகக் கொடுப்பது நல்லது. கராமா பகுதியின் சிறு ஓட்டல்களில் கட்டாயம் ஒன்றுமில்லை. சம்பளத்தை மிச்சம்பிடித்து ஊருக்கு அனுப்புகிற நம் பிள்ளைகள்தான் அங்கே பலரும் பரிமாறுகிறார்கள். மீதிச் சில்லறையை வாங்காமல் வந்தாலே அவர்களுக்கு உதவும்.

கொழும்பில் ஓரளவு பெரிய உணவகங்களில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேரும். வாட் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். மெனு விலைக்கு மேல் இரண்டும் ஏறினால் தொகை எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிவிடலாம். ஆர்டர் கொடுக்கும் முன் விலையில் எல்லாம் அடக்கமா என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துச் சிறு சாப்பாட்டுக் கடைகளில் இந்தச் சிக்கல் இல்லை.

ஆஸ்திரேலியாவில் காட்டும் விலையில் 10 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். ஊழியர் கூலி நல்ல நிலையில் இருப்பதால் டிப்ஸ் எதிர்பார்ப்பு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை 10 சதவீதம், அரசு விடுமுறை நாளில் 15 சதவீதம் என்று கூடுதல் கட்டணம் போடும் கடைகள் பல. அன்றைக்கு ஊழியருக்குக் கூடுதல் கூலி தரவேண்டியிருப்பதுதான் காரணம். வாசலிலோ மெனுவிலோ எழுதியிருக்க வேண்டும், பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கார்டும் சில்லறையும்

இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாம் இயக்கிவைத்தால்தான் வேலைசெய்யும். விமானம் ஏறும் முன் வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கருவி ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் விழும், அது டிப்ஸுக்கும் சேர்த்து விழும். பல கிரெடிட் கார்டுகள் இதற்கு மேல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. அதனால் பெரிய பில்லுக்கு எந்த கார்டு லாபம் என்று முன்பே பார்த்துவைப்பது நல்லது.

டிப்ஸுக்கு அந்தந்த நாட்டுச் சிறு நோட்டுகள் கொஞ்சம் பையில் இருக்கட்டும். அமெரிக்காவில் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள்தான் உதவும். நினைவுக்காக இந்திய நாணயத்தையோ முந்தைய நாட்டில் மிஞ்சிய காசையோ டிப்ஸாக வைக்காதீர்கள். வெளிநாட்டு நாணயங்களைப் பணமாற்றுக் கடைகள் பொதுவாக வாங்குவதில்லை, வாங்கியவருக்கு அது பயன்படாது.

அமெரிக்காவில் கார்டு தேய்த்ததும் உங்கள் போனுக்கு வரும் குறுஞ்செய்தி டிப்ஸ் சேராத தொகையைத்தான் காட்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 87.10. சில நாள் கழித்துக் கணக்கில் 103.10 என்று இறுதியாகும். இதைத் திருட்டு என்று நினைத்து வங்கியில் புகார் கொடுத்துவிடாதீர்கள். முன்கூட்டியே பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு என்றால், பில் தொகையைவிடக் கால் பங்கு கூடுதலாக இருப்பு வைத்திருங்கள், இல்லாவிட்டால் டிப்ஸ் சேரும்போது இருப்பு போதாமல் சிக்கலாகலாம். கையெழுத்துப் போட்டதும் எழுதிய தொகை தெரியும்படி கடைச் சீட்டைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பி அறிக்கை வந்ததும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியதைவிட அதிகம் பிடித்திருந்தால் முதலில் கடைக்கு அந்தப் படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெரும்பாலும் தட்டச்சுப் பிழையாகத்தான் இருக்கும், திருத்திவிடுவார்கள். பதில் வராவிட்டால் அதே படத்தை இணைத்து வங்கியின் கார்டுப் பிரிவில் தகராறு பதிவுசெய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் அறிக்கை வந்த மாதத்திலேயே செய்துவிட வேண்டும்.